அரைச் சேவலும் அறுநூறு வருடத் தேவாலயமும்

ஜெர்மனி போன இடத்தில் புதிதாகப் பழக்கமான தம்பதி, "சனி, ஞாயிறு எங்கள் வீட்டில் தங்குங்கள்" என்று கொலோன் நகரத்துக்குக் கூப்பிட்டார்கள். போனேன், வந்தேன். அதைப் போன இதழில் ஒரு வரி சொல்லித் தொலைத்ததில் தபால்பெட்டி வாயை மூட மறுக்கிறது. இதோ பதில்கள்.

கே: ஜெர்மன் ரயிலைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாமாமே? – அரக்கோணம் சீசன் டிக்கெட்

ப: அது உங்கள் தாத்தா காலத்துச் செய்தி. 2024-ல் அங்கே நெடுந்தூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம். அதிலும் ஆறு நிமிடத்துக்குள் வந்துவிட்டால் 'சரியான நேரம்' என்று எழுதிக்கொள்வார்கள். வராமலே போன ரயில் கணக்கிலேயே சேராது. ஆனால் ஒன்று, ஒரு மணி நேரம் தாமதமானால் டிக்கெட் காசில் கால் பங்கு, இரண்டு மணி நேரமானால் பாதி திரும்பக் கிடைக்கும். அரக்கோணத்துக்கு அந்தத் திட்டம் வந்தால் நீங்கள் வேலைக்கே போக வேண்டாம்.

கே: முதல் தடவை போகிற வீட்டுக்கு என்ன வாங்கிப் போவது? – பழமுதிர்ச்சோலை வாசகி

ப: பூங்கொத்து. ஒற்றைப்படையில் வாங்குவது மரபு. சுற்றியிருக்கும் காகிதத்தைப் பிரித்துவிட்டுக் கொடுக்க வேண்டும். சிவப்பு ரோஜா காதலுக்கு, எனவே நண்பரின் மனைவியிடம் நீட்டாதீர்கள். வெள்ளை லில்லியும் சாமந்தியும் கல்லறைக்கு. நம் ஊர் நினைப்பில் சாமந்தியோடு போய் நின்றால் யார் செத்தது என்று விசாரிப்பார்கள். நான் மைசூர்பாகு கொண்டு போனேன். ஒற்றையா, இரட்டையா என்று எண்ணுவதற்குள் தீர்ந்துவிட்டது.

கே: நாலு மணிக்கு வாருங்கள் என்றால் எத்தனை மணிக்குப் போவது? – மயிலாடுதுறை மணி பார்க்காதவர்

ப: நாலு மணிக்கு.

கே: அவ்வளவு சுருக்கமாகவா? கொஞ்சம் முன்னால் போனால் என்ன? – அதே மயிலாடுதுறை

ப: முன்னால் போவதும் தப்புதான். மூன்று ஐம்பதுக்கே வந்துவிட்டவர்கள் தெருமுனையில் நின்று கடைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்னொன்று, நாலு மணி அழைப்பு என்றால் காபியும் கேக்கும். அதைச் சாப்பாடு என்று நம்பி மதியம் பட்டினி கிடந்தால் அதற்கு ஜெர்மனி பொறுப்பல்ல.

கே: ராத்திரிச் சாப்பாடு எப்படி? – நாக்கு நாலு முழம், செட்டிநாடு

ப: ரொட்டி, வெண்ணெய், நாலைந்து வகைச் சீஸ், ஊறவைத்த வெள்ளரிக்காய். எல்லாம் குளிர்ச்சியாக, அவரவர் தட்டில் அவரவர் கட்டிக்கொள்வது. மதியம் சூடாக வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி அடுப்பே மூட்டாத பழைய வழக்கம் இது. ஆட்சேபம் இருப்பவர்கள் முதலில் உங்கள் வீட்டில் தினமும் ராத்திரி தோசை வார்ப்பவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுதவும்.

கே: நாங்கள் சுத்த சைவம். கொலோனில் என்ன கிடைக்கும்? – மாம்பலத்து மாமி

ப: அரைச் சேவல்! பதறாதீர்கள். 'ஹால்வ ஹான்' என்று மெனுவில் இருப்பதை அப்படியே பெயர்த்தால் அரைச் சேவல். வருவதோ கோதுமை போன்ற ரை தானிய ரொட்டி, தடித்த சீஸ் துண்டு, கடுகு விழுது, வெங்காயம். கோழிக்கு ஆசைப்பட்டு ஆர்டர் செய்து ஏமாறும் அசைவர்களை அங்கே தினமும் பார்க்கலாம். 'சொர்க்கமும் பூமியும்' என்று இன்னொன்று. ஆப்பிள் கூழ் சொர்க்கம், உருளைக்கிழங்கு மசியல் பூமி. மேலே உட்கார்ந்திருப்பது ரத்தப் பொரியல் சாஸேஜ். அதை மட்டும் உங்கள் வீட்டுக்காரர் தட்டுக்குத் தள்ளிவிடுங்கள், அவர் எதுவரை சைவம் என்பதும் தெரிந்துவிடும்.

கே: ஒரே கிளாஸோடு நிறுத்துவேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்திருக்கிறேன். அங்கே முடியுமா? – திருத்தணி சத்தியவான்

ப: கிளாஸ் சின்னதுதான், 200 மில்லி. சிக்கல் ஊற்றுகிறவரிடம். உள்ளூர் பீர் 'கோல்ஷ்', பரிமாறுபவர் 'கோபெஸ்'. நீல உடுப்பு, வாய் நிறைய நக்கல். கிளாஸ் காலியானால் கேட்காமலே அடுத்ததை வைத்து, அடியில் உள்ள அட்டையில் பென்சிலால் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போவார். நிறுத்த வேண்டுமானால் பந்தியில் இலையை மடிக்கிற மாதிரி அட்டையை எடுத்துக் கிளாஸை மூட வேண்டும். தண்ணீர் கேட்டால் "சோப்பும் துண்டும் வேண்டுமா?" என்பது கோபெஸ்களின் பரம்பரை ஜோக். அட்டையை ஞாபகார்த்தமாக ஊருக்குக் கொண்டுவராதீர்கள். கோடுகளை எண்ணத் தெரியாத மனைவி இன்னும் பிறக்கவில்லை.

கே: கொலோன்காரர்களைக் கோபப்படுத்துவது எப்படி? – வம்பு வளர்ப்போர் சங்கம், கோவை

ப: டூசல்டோர்ஃப் அழகான ஊர் என்று சொன்னால் போதும். நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மாநிலத் தலைநகர் பட்டம் அதற்கு, பெரிய ஊர் என்ற பட்டம் இதற்கு. அங்கே குடிப்பது 'ஆல்ட்' என்ற செம்பு நிற பீர். கொலோனில் அந்தப் பெயரை உச்சரித்தாலே புருவம் உயரும். வேடிக்கை என்னவென்றால், 1288-ல் வோரிங்கன் போரில் பேராயரை எதிர்த்துக் கொலோன் மக்களும் டூசல்டோர்ஃப் பக்கத்து பெர்க் பிரபுவும் ஒரே அணியில் நின்றவர்கள். பழைய கூட்டணிக்காரர்களின் பகை எத்தனை நாள் நீளும் என்று தமிழ்நாட்டு வாசகருக்கு நான் சொல்லவா?

கே: எங்கள் தெரு மேம்பாலத்தை எட்டு வருடமாகக் கட்டுகிறார்கள். உலகத்தில் வேறு எங்காவது இப்படி உண்டா? – வேளச்சேரி தூசி

ப: கொலோன் தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1248. பதினாறாம் நூற்றாண்டில் காசும் ஆர்வமும் தீர்ந்து வேலை நின்றது. பாதி எழும்பிய தெற்குக் கோபுரத்தின் தலையில் மரப் பளுதூக்கி ஒன்று ஏறக்குறைய 400 வருடம் அப்படியே நின்று ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 1842-ல் மறுபடி தொடங்கி 1880-ல் முடித்தார்கள். 157 மீட்டர், அன்றைக்கு உலகத்திலேயே உயரமான கட்டடம். அந்தப் பெருமையும் நாலே வருடத்தில் வாஷிங்டன் நினைவுத் தூணுக்குப் போய்விட்டது. ஆக மொத்தம் 632 வருடம். உங்கள் மேம்பாலத்துக்கு இன்னும் 624 பாக்கி.

கே: முழங்கால் வலி. கோபுரத்தில் ஏறலாமா? – காரைக்குடி கைத்தடி

ப: 533 படி, லிஃப்ட் கிடையாது. கீழேயே இருந்து தெற்குப் பக்கத்து ஜன்னலைப் பாருங்கள். 2007-ல் கெர்ஹார்ட் ரிக்டர் என்ற ஓவியர் வடிவமைத்தது. சாமியும் இல்லை, சாமியாரும் இல்லை. 72 நிறங்களில் பதினோராயிரத்துச் சொச்சம் கண்ணாடிச் சதுரங்கள் மட்டும். அன்றைய கர்தினால் மைஸ்னர், இது மசூதிக்குத்தான் பொருந்தும் என்று முகம் சுளித்தார். வெயிலுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. வஞ்சகமில்லாமல் உள்ளே விழுகிறது.

கே: விருந்தாளி எத்தனை நாள் தங்கினால் மரியாதை? – மருமகன், உசிலம்பட்டி

ப: ஏசுவைத் தேடி வந்த மூன்று ஞானிகளின் எலும்புகள் என்று நம்பப்படுபவை 1164-ல் மிலானிலிருந்து கொலோனுக்கு வந்தன. அழைத்து வரவில்லை, பார்பரோசா பேரரசர் அடித்த கொள்ளையில் பங்கு. தங்கப் பேழைக்குள் வைத்துவிட்டார்கள். சில துண்டுகளை மட்டும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிலானுக்குத் திருப்பித் தந்தார்கள். மற்றவை இன்னும் கிளம்பவில்லை. தங்கத்தில் வீடு கட்டித் தந்தால் நீங்களும் தங்கலாம்.

கே: பாலத்தில் பூட்டு மாட்டினால் காதல் நிலைக்குமா? – புதுமாப்பிள்ளை, புதுச்சேரி

ப: ஹோஹென்ஸொல்லர்ன் பாலத்தில் 2008 வாக்கில் ஆரம்பித்த வியாதி. வேலியே தெரியாத அளவுக்குப் பூட்டுகள். சாவியை ரைன் நதியில் எறிய வேண்டுமாம். காதல் நிலைக்குமோ என்னவோ, தினமும் ஆயிரத்துக்கு மேல் ரயில் ஓடும் பாலம் நிலைத்திருக்கிறது. என் நண்பர் தம்பதி பூட்டு மாட்டவில்லை. இருபது வருடமாகச் சேர்ந்தே இருக்கிறார்கள். மாட்டுவதானால் உதிரிச் சாவி ஒன்று எதற்கும் இருக்கட்டுமே என்றார் நண்பர்.

கே: என் பாட்டி ஜுரம் வந்தால் நெற்றியில் ஓடிகோலன் துணி போடுவார். அந்தக் கோலன் இந்தக் கொலோன்தானா? – தஞ்சாவூர் பேத்தி

ப: அதேதான். இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய ஃபாரினா குடும்பம் 1709-ல் இங்கே தொடங்கிய வாசனைத் தண்ணீர் அது. நகரமன்றத்துக்குப் பக்கத்தில் கடை இன்றும் இருக்கிறது. போட்டிக் கம்பெனியின் '4711' என்பது கதவிலக்கம். பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்தபோது வீடுகளுக்கெல்லாம் எண் போட்டதில் வந்தது. ஐரோப்பிய ராஜாக்கள் கழுத்தில் பூசிக்கொண்டதை நெற்றியில் பற்றுப்போட்டது நம் பாட்டிகள்தான். ஜுரம் இறங்கியதா இல்லையா? அப்புறம் என்ன!

கே: கேட்கக் கூச்சம். கழிவறையில் தண்ணீர்...? – பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்

ப: காகிதம் மட்டுமே. வரும் வழியிலேயே ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வாங்கிவிடுங்கள். உள்ளே இருப்பதைக் குடியுங்கள், காலியானதைப் பணியில் அமர்த்துங்கள். ஊர் கிளம்பும்போது கடை இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் வைப்புத்தொகை திரும்ப வரும். அது என்னென்ன பார்த்தது என்று இயந்திரம் கேட்காது. இன்னொன்று, பல வீடுகளில் ஆண்களும் உட்கார்ந்துதான் போக வேண்டும், சுவரில் படமே ஒட்டியிருக்கும். மீறாதீர்கள், துடைப்பது நண்பர்.

கே: அங்கே புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையே வராதா? – சேலம் சந்தேகம்

ப: ஒன்று மட்டும் வராது. இரட்டைக் கட்டிலில் ஆளுக்கொரு போர்வை. விடிய விடிய இழுபறிக்கு வழியே இல்லை. இத்தனை காலம் நமக்கு இது தோன்றவில்லையே!

கே: ஞாயிற்றுக்கிழமை ஷாப்பிங்? – தி.நகர் தீராத ஆசை

ப: ஜன்னலில் மூக்கை ஒட்டிப் பார்க்கலாம். ஞாயிறு ஓய்வுநாள் என்பது 1919 வைமார் அரசியல் சட்டத்தில் உள்ளது. 1949 அரசியல் சட்டத்திலும் அதை அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். கடை மூடல். துளை போடும் மெஷின், புல் வெட்டும் மெஷின் கூடாது. காலிப் புட்டியைத் தெருத் தொட்டியில் 'டணால்' என்று போடவும் கூடாது. மறந்துபோய்ப் பால் வாங்காதவர்கள் ரயில் நிலையக் கடையில் வரிசையில் நிற்பார்கள். என் நண்பரும் நின்றார், அக்கம்பக்கத்தாரும் நின்றார்கள். கொலோனில் ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம் நடப்பது அங்கேதான்.

கே: பில் வந்ததும் யார் கட்டினார்கள்? – ஈரோடு கணக்குப்பிள்ளை

ப: "சேர்த்தா, தனித்தனியா?" என்று பரிசாரகரே கேட்பார். தனித்தனி என்றால் யார் என்ன சாப்பிட்டார் என்று சென்ட் சுத்தமாகப் பிரிப்பார். கையை முறுக்கி, பர்ஸைப் பிடுங்கி, "என் மேல் சத்தியம்" என்று கத்தும் நம் ஊர் மல்யுத்தம் கிடையாது. நான் ஒருமுறை ஆரம்பித்தேன். பக்கத்து மேஜைக்காரர் போலீஸைக் கூப்பிடலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது.

கே: நடைபாதையில் பித்தளைக் கல் பதித்திருக்கிறார்களாமே, அலங்காரமா? – விழுப்புரம் ஆசிரியர்

ப: இல்லை ஐயா. நாஜிகள் இழுத்துப்போன மனிதர்களின் பெயர், பிறந்த வருடம், கொன்ற இடம். அவர்கள் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டு வாசலில் பதித்தது. குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1992-ல் கொலோன் நகரமன்ற வாசலில் முதல் கல்லைப் பதித்தார். இன்று ஐரோப்பா முழுக்க ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. படிக்க வேண்டுமானால் தலை குனிய வேண்டும். இதில் எனக்கு ஜோக் இல்லை.

கே: மெட்ரோ தோண்டுகிறார்கள், எங்கள் வீட்டுச் சுவர் விரிசல் விடுகிறது. பயப்படலாமா? – புரசைவாக்கம்

ப: பயப்படுங்கள், புகாரும் கொடுங்கள். 2009 மார்ச் 3 அன்று கொலோனில் சுரங்க ரயில் பணி நடந்த இடத்தில் நகர ஆவணக் காப்பகமே சரிந்து விழுந்தது. பக்கத்துக் கட்டடங்களில் இருந்த இருவர் இறந்தார்கள். ஆயிரம் வருடத்து ஏடுகளோடு, அந்த ஊரில் பிறந்து 1972-ல் நோபல் வாங்கிய ஹைன்ரிஷ் பொல் எழுதிய காகிதங்களும் சேற்றில் புதைந்தன. பெரும்பகுதியைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். துண்டுகளை ஒட்டும் வேலை இன்னும் பல வருடம் நடக்கும். விரிசலைப் படம் பிடித்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கே: அந்தப் பக்கம் தமிழ் உண்டா? – உலகத் தமிழர், உறையூர்

ப: கொலோன் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் தமிழ் சொல்லித் தந்தார்கள். பல்லாயிரம் தமிழ் நூல்கள் அங்கே உண்டு. ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் போனால் ஹாம் நகரம். ஈழத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில், 2002-ல் குடமுழுக்கு. தேர்த்திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். தேங்காய் உடைக்க அங்கே ஞாயிற்றுக்கிழமைத் தடை இல்லை.

கே: டை கட்டிக்கொண்டு போகலாமா? – ஓய்வுபெற்ற மேலாளர், நாகர்கோவில்

ப: திருவிழாக் காலம் தவிர. நவம்பர் 11, காலை 11.11-க்கு அவர்களின் கார்னிவல் பருவம் தொடங்கும். தவக்காலத்துக்கு முந்தைய வியாழக்கிழமை ஊர் பெண்கள் கையில். கத்தரியோடு வந்து டையை வெட்டிப் போடுவார்கள். பழைய டை கட்டிப் போங்கள்.

கே: பதிலுக்கு அவர்களை நம் வீட்டுக்குக் கூப்பிட வேண்டாமா? – பண்பாடு, பாளையங்கோட்டை

ப: தாராளமாக. ஆனால் தேதி போட்டுக் கூப்பிடுங்கள். "ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்று நாம் வாசலில் நின்று உதிர்ப்பதை அவர்கள் நிஜம் என்று நம்பிவிடுவார்கள். நான் உதிர்த்தேன். உடனே டைரியை எடுத்தார் நண்பர். வருகிற ஜனவரி 9, மாலை நாலு மணி, இரண்டு பேர். அன்றைக்குத் தயவுசெய்து யாரும் என் வீட்டுக்கு வர வேண்டாம்.