உப்புத் தின்ற வண்டி

சட்பரி, ஒன்டாரியோ
தை மாதம்; வெளியே மைனஸ் 27

அன்புள்ள மாமாவுக்கு,

சிவா எழுதுவது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் "2008 மாடல் பிக்கப் ஒண்ணு வாங்கியிருக்கேன் மாமா" என்றதும் நீங்கள் சிரித்த சிரிப்பில் மிச்சக் கதை நின்றுபோனது. கடிதத்தில் குறுக்கே பேச ஆள் இல்லை.

கம்பெனி பெயர் வேண்டாம், வம்பு. வி-8 பெட்ரோல் இன்ஜின், 5.3 லிட்டர், நாலு சக்கரமும் இழுக்கும். மீட்டரில் 2,80,000 கிலோமீட்டர். சங்ககிரியில் உங்கள் லாரிப் பட்டறைக் கணக்கில் இது கன்றுக்குட்டி; இங்கே கேட்டவர்களெல்லாம் "அப்படியா" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்கள். விலை 7,500 டாலர். அதற்கு மேல் 13 சதவீதம் வரி. குறைத்து எழுதித் தப்பிக்க முடியாது. நம் ஊரில் நிலத்துக்குக் கைட்லைன் மதிப்பு இருக்கிறதே, அதுபோல் இங்கே பழைய வண்டிக்கு ஒரு விலைப் புத்தகம் உண்டு. நீங்கள் கொடுத்த விலை, புத்தக விலை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் வரி.

எஃப்.சி. விஷயம் கேட்டால் பொறாமைப்படுவீர்கள். உங்கள் லாரிக்கு எட்டு வயசு தாண்டினால் வருஷா வருஷம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். இங்கே சொந்த வண்டி கை மாறும்போது ஒரு மெக்கானிக் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், அந்தச் சான்று செல்லுபடியாகும் 36 நாளுக்குள் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். புகைச் சோதனையை 2019-லேயே நிறுத்திவிட்டார்கள். நம்பர் பிளேட்டுக்கு வருஷா வருஷம் கட்டிய காசையும் 2022-ல் ரத்து செய்துவிட்டார்கள். அரசாங்கம் விட்டுக்கொடுத்த காசையெல்லாம் மெக்கானிக் வாங்கிக்கொள்கிறார்.

டேங்க் 98 லிட்டர். ஒன்றரை டாலர் விலையில் நிரப்பினால் நம் காசில் ஒன்பதாயிரம் ரூபாய். உங்கள் பத்துச் சக்கர லாரி பாரத்தோடு லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் தரும். இது பின்னால் வெறும் பனியை ஏற்றிக்கொண்டு ஆறு தருகிறது. பெட்ரோலை மிச்சம் பிடிக்கத்தான் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள்: சமரோட்டில் போகும்போது எட்டு சிலிண்டரில் நாலு தூங்கிவிடும், ஏற்றம் வந்தால் எழுந்து இழுக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வயசான பிறகு தூங்கினது சில சமயம் எழுந்திருப்பதில்லை. வால்வைத் தூக்கும் லிஃப்டர் சிக்கிக்கொள்ளும், கேம் ஷாஃப்டைத் தேய்க்கும், ஆயிலையும் குடிக்கும். முந்தைய ஓனர் டாஷ்போர்டு பெட்டியில் ஒரு பில்லை விட்டுப்போயிருந்தார்: லிஃப்டர், கேம் ஷாஃப்ட், லேபர், வரி என்று 4,600 டாலர். அவர் ஏன் விற்றார் என்பது அப்போதுதான் புரிந்தது. நான் ஸ்டியரிங்குக்கு அடியில் சின்னக் கருவி ஒன்றை மாட்டிவிட்டேன். எட்டு சிலிண்டரையும் தூங்கவே விடாது. பெட்ரோல் கொஞ்சம் கூடப் போகும். போகட்டும், இன்ஜினைப் பிரிப்பதற்கு இது மேல்.

இந்த ஊரில் வண்டிக்கு எமன் உப்பு, மாமா. பனி உறையாமலிருக்கக் கனடா முழுக்க வருஷத்துக்குச் சுமார் 50 லட்சம் டன் உப்பை ரோட்டில் கொட்டுகிறார்கள். இந்த மாகாணத்தில் கோடரிச் என்று ஓர் ஊர். அங்கே ஏரிக்கு அடியில் 500 மீட்டருக்கும் கீழே இருப்பதுதான் உலகத்திலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம். நாமெல்லாம் வேதாரண்யத்தில் ஒரு பிடி உப்பு அள்ளியதற்கு ஜெயிலுக்குப் போன கூட்டம்! உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். வண்டிக்கு அடியில் படுக்கும்போதெல்லாம் நான் முனிசிபாலிட்டியை நினைத்துக்கொள்கிறேன்.

முதலில் சக்கர வளைவு பொரிந்தது, அப்புறம் கதவுக்குக் கீழ்த் தகடு. அது அழகு சமாச்சாரம், விட்டுவிடலாம். பிரேக் டியூப் அப்படியில்லை. இரும்பு டியூப், சேசிஸ் ஓரமாகவே ஓடும், உப்புத் தண்ணீர் அங்கேதான் தேங்கும். ஒருநாள் சிக்னலில் மிதித்தேன், பெடல் பாதி வழி பிடிப்பில்லாமல் இறங்கியது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனி வழி என்பதால் முன்பிரேக் பிடித்து நிறுத்தியது. பழைய டியூப் மொத்தத்தையும் கழற்றி எறிந்துவிட்டு, துருப்பிடிக்காத செம்பு-நிக்கல் டியூப் போட்டாயிற்று. 1,400 டாலர். சேசிஸ் தப்பித்தது என் அதிர்ஷ்டம். அமெரிக்காவில் 2008-ல் ஒரு ஜப்பான் கம்பெனி, சேசிஸ் அரித்துப்போன தன் பழைய பிக்கப்புகளைச் சந்தை விலையைப்போல் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கியது. என் வண்டிக்கு அந்த யோகம் இல்லை. ஐப்பசியில் அடிப்பாகம் முழுக்க எண்ணெய் பீச்சி அடிப்பதோடு சரி. அது ஒரு வாரம் வாசலில் சொட்டும். வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னோடு பேசமாட்டார்.

உங்களுக்கு நம்பவே கஷ்டமாக இருக்கப்போவது கூலிதான். மணிக்கு 140 டாலர். அதுவும் மெக்கானிக் வேலை செய்த நேரத்துக்கு இல்லை. எந்த வேலைக்கு எத்தனை மணி என்று ஒரு புத்தகம் சொல்கிறது. வாட்டர் பம்ப் மாற்ற 3.2 மணி என்று அதில் இருந்தால், ரெண்டே மணியில் முடித்தாலும் 3.2-க்குத்தான் பில். மேலே கந்தைத் துணிக்கும் கிரீஸுக்கும் தனியாக ஒரு தொகை, எல்லாவற்றுக்கும் சேர்த்து 13 சதவீதம் வரி. (அம்மாவிடம் சொல்ல வேண்டாம், உடனே ரூபாயில் பெருக்கிவிடுவாள்.) கூலி இந்த விலை விற்பதால் எதையும் ரிப்பேர் செய்வதில்லை. டைனமோவில் கார்பன் தேய்ந்தால் டைனமோவே புதுசு. செல்ஃப் மோட்டார் மக்கர் செய்தால் செல்ஃபே புதுசு. வீல் பேரிங்கைத் தட்டிக் கழற்றிக் கிரீஸ் வைக்கலாம் என்று பார்த்தேன். ஹப்போடு சேர்த்து மூடி வைத்திருக்கிறார்கள், முழுசாகத்தான் மாற்ற வேண்டும். உங்கள் பட்டறையில் அடிவாங்கிக் கற்ற பாதி வித்தைக்கு இங்கே வேலையே இல்லை. மீதிப் பாதியால்தான் பிழைக்கிறேன். பிளக், பிரேக் பேட், ஆயில் எல்லாம் நானே மாற்றுகிறேன். பி.இ. படிக்க வைத்த அப்பா, பனியில் அட்டையை விரித்து நான் படுத்திருக்கும் கோலத்தைப் பார்க்கவில்லை.

குளிர்காலத்தில் ராத்திரி வண்டிக்குக் கரண்ட் கொடுக்க வேண்டும். கூலன்ட் சூடாக இருக்க இன்ஜினுக்குள் ஒரு ஹீட்டர். முன்பக்கம் வயர் தொங்கும். வீடியோ காலில் பார்த்த அத்தை, "எலக்ட்ரிக் வண்டியா சாமி, செலவே இருக்காதே!" என்றார்கள். மறுக்க மனசு வரவில்லை.

இன்னொரு செலவு, சிநேகிதர்கள். இந்த ஊரில் எந்தத் தமிழன் வீடு மாறினாலும் என் போன் அடிக்கிறது. சோபா, மெத்தை, கிரைண்டர் எல்லாம் என் தலையில்தான். கூலி பிரியாணி. பின் ஸ்பிரிங் பட்டை உட்கார்ந்துவிட்டதற்குப் பாதிக் காரணம் அந்தப் பிரியாணிகள்.

"விற்றுத் தொலைடா" என்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். புதுப் பிக்கப் 70,000 டாலர், 84 மாதத் தவணை, வட்டியோடு மாதம் ஆயிரத்தைத் தாண்டும். என் கிழவன் வருஷத்துக்கு மூவாயிரம் தின்றாலும் புதுசின் மூன்று மாதத் தவணைதான். அரித்து விழும்வரை ஓட்டுவேன்.

இப்போது நீங்கள் ஓர் உதவி செய்ய வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம். பத்து நிமிஷத்தில் நின்றுவிடுகிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கடைசி போல்ட் தலை உடைந்திருக்கிறது. மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம்; சூட்டில் ரெண்டும் ஒரே அளவு விரிவதில்லை, போல்ட் தாங்கவில்லை. கடையில் 900 டாலர் கேட்கிறார்கள். நீங்கள் உடைந்த போல்ட் மேல் நட்டை வைத்து வெல்டிங் அடித்துத் திருகி எடுப்பீர்களே, அது அலுமினிய ஹெட்டில் நடக்குமா? கூட வேலை பார்க்கும் பையனிடம் மிக் வெல்டிங் மெஷின் இருக்கிறது. கரண்ட் எவ்வளவு வைக்க? சூட்டோடு திருகவா, ஆறவிட்டா? ஞாயிற்றுக்கிழமைக்குள் பட்டறைப் பையன் யாரையாவது ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கூலியை இந்த ஊர் ரேட்டிலேயே போட்டுவிடுகிறேன்: மணிக்கு 140, புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அத்தனை மணி.

அன்பு மருமகன்,
சிவா