சென்னைக் காருக்குச் சக்கர லட்சணம்

சென்னைத் தெருக்களுக்கெனக் கார்ச் சக்கரம் தேர்ந்தெடுப்போர் முதலில் பயில வேண்டியது, டயரின் பக்கச்சுவரில் பொறிக்கப்பட்டுள்ள கல்வெட்டை வாசிக்கும் கலையாகும். 185/65 ஆர்15 என்பதில் 185 டயரின் அகலத்தை மில்லிமீட்டரிலும், 65 அவ்வகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பதையும், 15 ரிம்மின் விட்டத்தை அங்குலத்திலும் குறிக்க, 'ஆர்' என்னும் எழுத்து இது ரேடியல் வகை, அதாவது உள்ளிழைகள் ஓட்டத் திசைக்குக் குறுக்கே அமைந்தது, என அறிவிக்கிறது. கணக்கிட்டால், ரிம்முக்கும் சாலைக்கும் இடையே ஏறத்தாழ 120 மில்லிமீட்டர் இருக்கும். அழகு கருதி 205/45 ஆர்17 மாட்டுவோர் அதனை 92 ஆகக் குறைத்துக்கொண்டு, எஞ்சிய பொறுப்பைத் தம் முதுகெலும்பிடம் ஒப்படைக்கின்றனர்.

வடகிழக்குப் பருவமழையில் நீர் நிரம்பி, ஆழம் அறியவொண்ணாத பரம்பொருளாகிவிட்ட குழியின் விளிம்பில் மோதும் டயர், ரிம்முக்கும் விளிம்புக்கும் இடையே நசுங்கி, உள்ளிழைகள் அறுந்து, பக்கச்சுவரில் புடைத்து நிற்கும். அப்புடைப்புக்கு ஒட்டு வைத்தியம் இல்லை, டயரையே மாற்ற வேண்டும். எஃகு ரிம் வளைந்தாலும் பெரும்பாலும் தட்டி நிமிர்த்தப்படும். அலுமினியக் கலவையில் வார்க்கப்பட்ட அலாய் ரிம்மோ, பளபளப்பு குன்றாமலே விரிசல் விடும் பெருமிதம் உடையது.

குழிக்கு அடுத்தபடியாகச் சக்கரத்தைச் சோதிக்கும் வேகத்தடைக்கு 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1988ஆம் ஆண்டு நெறிமுறையில் குறிக்கப்பட்டிருந்தன. வீடு கட்டி மீந்த சிமெண்டில் தெருவாசிகள் இரவோடிரவாக எழுப்பும் தடைகள், அந்நெறிமுறையில் அகலம் என்னும் பகுதியை மட்டும் மரியாதையுடன் விட்டுவிடுகின்றன.