ஷோகேஸ் கண்ணாடி

வீட்டிலேயே செய்யும் ஆளுயர ஷோகேஸில் தேக்குக்குக் காட்டும் தாராளம் கண்ணாடிக்கு வருவதில்லை. சாதாரண 4 மி.மீ. போதும் என்று தீர்ப்பாகிவிடும். அது உடைந்தால் கத்தி கத்தியாக விழும். உள்ளிருக்கும் தலையாட்டிப் பொம்மைக்கு ஆபத்தில்லை, வெளியே தவழும் குழந்தைக்குத்தான். டஃபன்ட் கண்ணாடி சுமார் நான்கு மடங்கு வலுவானது; உடைந்தாலும் கற்கண்டுபோல் உதிரும். ஆனால் அந்த வலுவுக்காகச் சூடேற்றிச் சட்டெனக் குளிர்வித்தபின் அதை அறுக்கவோ துளையிடவோ முடியாது. அளவு கொடுத்தபிறகு ஆசாரி சட்டத்தை அரை அங்குலம் ‘சரிசெய்தால்’, கண்ணாடியைப் புதிதாகத்தான் வாங்கவேண்டும். முனையில் பலமாக அடிபட்டால் முழுக் கண்ணாடியும் நொறுங்கும். லேமினேட்டட் கண்ணாடி விரிசல் விட்டாலும் நடுவிலுள்ள பிளாஸ்டிக் படலம் சில்லுகளைப் பிடித்துக்கொள்ளும். விலையும் பையைப் பிடிக்கும். 6 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 15 கிலோ. கதவுக்குக் கீல் வாங்கும்போது இந்த எடை யாருக்கும் நினைவிருப்பதில்லை.