ஐம்பது தாண்டியவர்கள் முதலில் வரவும்

கொரோனா காலத்தில் பெரியவர்கள் வாசப்படி தாண்டக் கூடாது என்று ஊரெல்லாம் மைக் வைத்துக் கத்திய அரசு, 2020 மே 7 அன்று டாஸ்மாக்கைத் திறந்தபோது ஒரு நேர அட்டவணை போட்டது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் காலை 10 முதல் 1 மணி, நாற்பதுகளில் இருப்பவர்களுக்கு 3 மணிவரை, மற்ற இளசுகளுக்கு 5 மணிவரை. பெரியவர்களுக்கு முதல் மரியாதை!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி அப்போது சென்னைக் காவல் எல்லை. இங்கே ஷட்டர் தூக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி மூடி, கையில் நிவாரணப் பணம் 1,000 ரூபாயில் மிச்சம் இருந்தவர்கள் பைக்கை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டினார்கள். ஒரே நாளில் மாநிலத்தில் 170 கோடிக்கு மேல் வியாபாரம். மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. டெல்லிக்கு, உச்ச நீதிமன்றத்துக்கு ஓடி, மே 15 அன்று அந்த உத்தரவுக்குத் தடை வாங்கிவிட்டார்கள். கடைக்கு தினம் 500 டோக்கன், கிழமைக்கு ஒரு நிறம்.

நம் பக்கம் கடை திறந்தது ஆகஸ்ட் 18. மாநகரப் பஸ் ஓடியது செப்டம்பர் 1. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வருவதற்கு இரண்டு வாரம் முன்பே குவார்ட்டர் வந்துவிட்டது. தார் ரோட்டில் சுண்ணாம்பு வட்டம். "பெருசு, வட்டத்துக்குள்ள நில்லு!" என்று லத்தி. கவுன்ட்டரில் பிராண்டு பெயர் கேட்காதென்று மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கும் கை, கம்பியைப் பிடித்தும் நடுங்குகிறது. மார்ச்சில் கடை மூடியதால் ஒரே ராத்திரியில் குடியை நிறுத்தியவனுக்கு வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணில் தெரியலாம், உயிரே போகலாம். அது மருந்து கொடுத்துத் தீர்க்க வேண்டிய நோய். அந்த மருந்துக்கு எந்தத் தெருவில் வட்டம் போட்டீர்கள்?

குடி எதிர்ப்புசக்தியைக் குலைக்கும், ஊரடங்கில் மதுவைக் கட்டுப்படுத்துங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் ஏப்ரலிலேயே சொல்லியாயிற்று. நாமோ ஏற்றுவதையும் இறக்குவதையும் சேர்த்தே செய்தோம். எதிர்ப்புசக்தி ஏற ஒரு துறை கபசுரக் குடிநீர் ஊற்றியது. அதை இறக்க இன்னொரு துறை பாட்டில் நீட்டியது. முதலாவது இலவசம். இரண்டாவதற்கு, தொற்றுக்காலச் சலுகையாக, குவார்ட்டருக்கு 10 முதல் 20 ரூபாய் கூடுதல்.

2019-20இல் டாஸ்மாக் வருவாய் 33,133 கோடி. கடைகள் வாரக்கணக்கில், சென்னையில் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த 2020-21இல் 33,811 கோடி. இந்தக் கணக்கெல்லாம் பாட்டில் நீட்டிய துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் பைசா சுத்தமாக இருக்கிறது. அடுத்த முறை பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போடுங்கள்: ஈரல் வீங்கி வார்டில் கிடப்பவர்கள் எத்தனை பேர், வயது வாரியாக. வயது பார்த்துப் பிரிக்கத்தான் உங்களுக்கு நன்றாக வருமே.