காஞ்சி எங்கே, சுவீடன் எங்கே?

கேள்வி: நாடு விட்டு நாடு கைகோக்கும் பொதுநல அமைப்புகளால் எங்களைப் போன்ற தறிக்காரர்களுக்கு என்ன லாபம்?
– பட்டு நெசவாளர் ஒருவர், பெரணமல்லூர்

பதில்: கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா! உடலுக்கு ஒரு நாடா, கரைக்குத் தனி நாடா. காஞ்சிபுரத்துப் பக்கம் அந்தக் கரை நாடாவைத் தள்ள, பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளையையே பல வீடுகளில் உட்காரவைத்தார்கள். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் பிள்ளையின் தலையில் விடிந்தது.

சுவீடன் நாட்டவரின் ஆதரவோடு 2002-இல் காஞ்சிபுரத்தில் வேர்விட்ட ‘ஹேண்ட் இன் ஹேண்ட்’ அமைப்பு, அப்படிப்பட்ட பிள்ளைகளைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பப் பாடுபட்டது. பிள்ளையை மட்டும் மீட்டால் கடன் மறுபடி இழுத்துவிடும். அதனால் அம்மாக்களைச் சுயஉதவிக் குழுக்களாகத் திரட்டி, சேமிப்புக்கும் சிறுதொழிலுக்கும் வழிகாட்டியது. இங்கே பலித்த அந்த வழி பிறகு ஆப்கானிஸ்தானுக்கும் கென்யாவுக்கும் போனது. உதவி சுவீடனிலிருந்து வந்தது. உலகுக்குப் பாடம் காஞ்சியிலிருந்து போனது. கொடுக்கல் வாங்கல் என்றால் இப்படி அல்லவா இருக்கவேண்டும்!

விசா கேட்காமல் எல்லை தாண்டுவது அக்கறை ஒன்றுதான். ஆனால் எந்த நாட்டு அக்கறையும் வாசல்வரைதான் வரமுடியும். பிள்ளையின் கையில் நாடாவா, நோட்டுப் புத்தகமா என்பதை முடிவுசெய்ய வேண்டியவர்கள் வீட்டுக்குள் இருப்பவர்களே.