இன்னும் கால் சுத்து

கெடார் என்றில்லை, விழுப்புரம் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் டிராக்டர் பட்டறை இருந்தாலும் அங்கே இவரைப் பார்க்கலாம். பட்டறை இவருடையது அல்ல. மெக்கானிக் வேலையை முடித்து, ஸ்பேனரைக் கழிவுத்துணியில் துடைக்கிற நேரம் பார்த்து, பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வருவார். “இன்னும் கால் சுத்து போவும், குடு இங்க” என்பார். ஊரில் அவருக்குக் கால்சுத்துக்காரர் என்றே பெயர்.

இறுக்கமாக இருப்பது எதுவானாலும் அதை இன்னும் கொஞ்சம் இறுக்கலாம் என்பது அவர் கட்சி. முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிரெய்லர், டிவிஎஸ் எக்ஸெல், வீட்டுக் குழாய் எதற்கும் விலக்கு கிடையாது. அவர் கை வைத்த குழாயில் சொட்டுவது நின்றது. தண்ணீர் வருவதும் நின்றது. சித்திரையில் அவர் மூடிவைத்த ஊறுகாய் பாட்டில் ஆடி வந்தும் திறக்கவில்லை.

ஸ்பேனருக்கு மசியாத நட்டுக்கு இரண்டடி பைப்பைச் செருகித் தொங்குவார். போல்ட் டக்கென்று முறியும். அவர் முகத்தில் வெற்றிக்களை. “பாத்தியா, டூப்ளிகேட் மாலு. நல்லவேள, இங்கயே தெரிஞ்சுது.”

முறியாமல் பிழைத்த நட்டையும் நம்பமாட்டார். கீழே ஸ்பிரிங் வாஷர், மேலே செக் நட்டு, அதற்குமேல் கட்டுக்கம்பி, மனசு கேட்காவிட்டால் ஒரு பொட்டு வெல்டிங். அடுத்த முறை கழற்ற வேண்டியவன் கேஸ் கட்டரோடு வந்துகொள்ளட்டும்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்தான் அக்கா மகன். சென்னையில் ஏரோநாட்டிக்கல் படிக்கிறான். பொங்கல் லீவில் வந்தவன், பாகம் பாகமாகப் பெட்டியில் வந்து, வாங்கியவரே பூட்டிக்கொள்ளும் விமானங்களைப் பற்றிச் சொன்னான். அமெரிக்கர் பர்ட் ரூட்டான் அப்படி வீட்டிலேயே கட்டிக்கொள்ள வரைந்த லாங்-ஈஸியைத் தழுவி, 1980களில் பெங்களூர் என்.ஏ.எல். விமான ஆய்வகத்திலேயே ஒன்றைக் கட்டிப் பறக்கவிட்டார்கள் என்றான். மாமாவுக்கு ஒரே கேள்விதான்: “டைட்டு யாரு பாத்தது?”

“அதுக்கு நைலாக் நட்டு இருக்கு மாமா. உள்ள ஒரு நைலான் வளையம். போல்ட் மரையைவிடக் கொஞ்சம் சின்ன ஓட்டை. போல்ட் அதுக்குள்ள நெருக்கி நுழையிறப்ப வளையம் பிடிச்சுக்கும். எவ்வளவு அதிர்ந்தாலும் லேசுல கழலாது. தானே பூட்டிக்கிற நட்டு.”

“தானேவா?” என்றார் மாமா. பங்காளி தனியாகப் பத்திரம் முடித்துவிட்டான் என்று கேள்விப்பட்டவர் மாதிரி இருந்தது குரல்.

பையன் விடவில்லை. சின்ன விமானங்களில் அதிகம் வருவது ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான போல்ட். அதன் நைலாக் நட்டுக்கு 20 முதல் 25 அங்குல-பவுண்டு முறுக்கு. வளையத்தின் இழுவையை அளந்து அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். 15 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் ஒன்றே முக்கால் கிலோவைத் தொங்கவிட்டால் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான். மாமாவின் இடது கைச் சுண்டுவிரலே அதைவிட அதிகம் அழுத்தும். நட்டுக்கு மேலே போல்ட்டின் நுனி முழுசாக வெளியே தெரிய வேண்டும். சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறும் இடத்தில் நைலான் ஆகாது, முழு உலோக லாக் நட்டுதான். போல்ட்டே சுழலக்கூடிய இணைப்பில் தானே பூட்டும் நட்டு கூடவே கூடாது. அங்கே காடி வெட்டிய நட்டும் அதில் குறுக்கே ஒரு பின்னும்தான்.

“கையால சுத்தினாலே வளையத்தைத் தாண்டிப் போற பழைய நட்டைத் தூக்கிப் போட்டுடணும்” என்றதும்தான் மாமா கொதித்தார். பெயிண்ட் டப்பா நிறையப் பழைய நைலாக் சேர்த்து வைத்திருக்கிறார். பையன் ஒவ்வொன்றாகப் போல்ட்டில் போட்டுப் பார்த்தான். டப்பா மொத்தமும் பரீட்சையில் கோட்டைவிட்டது. “தூக்கிப் போடறதா? டிரெய்லருக்கு ஆவும். அது இன்னா பறக்கவா போவுது?”

2007 ஆகஸ்ட் 20 அன்று ஜப்பானின் நாஹா விமான நிலையத்தில் வந்து நின்ற சைனா ஏர்லைன்ஸ் 737 எரிந்த கதையைப் பையன் எடுத்தான். இறக்கை முன்விளிம்பில் கழன்ற ஒரு போல்ட் எரிபொருள் தொட்டியைக் குத்திவிட்டது. 165 பேரும் தப்பியது பாக்கியம். அந்த போல்ட்டின் நட்டு கழலக்கூடாது என்று ஒன்றரை மாதம் முன்பு பார்த்த வேலையிலேயே வாஷர் விழுந்திருக்கிறது என்றது விசாரணை. “பாதுகாப்புக்குனு கை வெச்சதுதான் மாமா வினை.”

மாமா யோசித்துவிட்டுச் சொன்னார்: “வாஷர் வுழுந்தத பாக்கறதுக்கு அங்க ஒரு ஆளு இல்ல பாரு.”

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நட்டு கழலுமோ என்பதல்ல அவர் பயம். தான் தொடாமலே அது நின்றுவிடுமோ என்பதுதான். கல்யாண வீட்டில் பந்தக்கால் நட்டபின் ஒருதரம் ஆட்டிப் பார்ப்பவர், பூட்டிய பூட்டைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவர், எல்லாரும் இவருக்கு ஒன்றுவிட்ட உறவு.

கடைசியில் பையன் ஒரு சோதனை வைத்தான். டிரெய்லர் மட்கார்டில் புது நைலாக் பூட்டி, அளவாக முறுக்கி, விமானத்தில் செய்கிறபடி நட்டின்மேலும் போல்ட்டின்மேலும் சேர்த்து ஒரு கோடு இழுத்தான். அம்மாவின் சிவப்பு நெயில்பாலிஷ். நட்டு நகர்ந்தால் கோடு முறியும். தொட வேண்டாம், பார்த்தாலே போதும்.

மறுநாள் காலை கோடு முறிந்திருந்தது. அதுவும் வலப்பக்கமாக.

“மாமா, கழண்டா இடப்பக்கம்தான் போவும். இது டைட்டாயிருக்கு. நட்டு தானா டைட்டாகுமா?”

“நீதான்டா சொன்ன, தானே பூட்டிக்கிற நட்டுன்னு!”