அலைக்குப் பின்னால ஓடுறியாக்கும்?

என்ன மக்கா, பெட்டி கட்டுற? பெருவுக்கா? அம்புட்டுத் தூரம் போய் அலையில நிக்கப் போறியாக்கும். இங்க என்ன, கடலு வத்திப் போச்சா?

அங்க உள்ள சிக்காமா அலை இடது அலைங்குற. நானும் உன் போன்ல பாத்தேன். கரையில நிக்கிற எனக்கு அது வலது பக்கமால்லா ஓடுது? கேட்டா, பலகையில நிக்கிறவனுக்கு இடதாம். சரிதான், கெழவன் பேச்சு எங்க எடுபடும்! வலது காலை முன்ன வச்சு நிக்கிற பயலுக்கு அது ரொம்பத் தோதாம், அலைக்கு முகங்காட்டியே போலாமாம். புது மருமக கூட ஒருதரந்தான் வலது கால வச்சு வருவா. நீ நாள் பூரா வைப்ப.

அலைய நான் கொறை சொல்லல. மொனையச் சுத்தி வளைஞ்சு வந்து, ஒரு ஓரத்துல ஒடைய ஆரம்பிச்சு, கரையோரமாவே ரெண்டு கிலோமீட்டருக்கு மேல ஓடுது. கெட்டிக்கார அலைதான்.

ஆனா அத ஆரு கண்டுபிடிச்சான்னு சொன்னியே, அங்கதான் எனக்குச் சிரிப்பு. 1965ல பெருவுல உலகப் போட்டி முடிஞ்சு ஊர் திரும்புன சக் சிப்மன்ங்கிற ஹவாய்க்காரன் ஏரோப்பிளேன் சன்னல் வழியாப் பாத்தானாம். ஜாவாவுல ஜி-லேண்டும் அப்படித்தான், 1972ல பாப் லாவர்ட்டி பிளேன்ல போறப்பப் பாத்தது. நமீபியாவுல ஸ்கெலிட்டன் பே இன்னும் விசேஷம். கூகுள் எர்த்ல தேடி எடுத்தானுவ. ஏண்டே, கரையில ஒருத்தனுமா இல்ல? சிக்காமாவுக்குத் தெக்கால வான்சாக்கோவுல மீன்காரன் கோரையக் கட்டி, அதுமேல ஏறி, மீனோட அலையில சறுக்கிக் கரைக்கு வாரான். மோச்சேங்கிற பழங்காலத்து ஆளுவ பானையில கூட அந்தக் கோரைத் தோணி இருக்கு. அவன் கண்டுபிடிக்கல, பாவம். அவனுக்குக் கஞ்சிக்கு நேரமாச்சு.

இன்னும் கேளு. வீடியோ போடுறவன் ஆரும் அறியாத எடம்ங்கான். சொல்றவன் தலைக்கு மேல டிரோன் பறக்குது.

பெறவு இந்தத் தொரத்துற கூத்து. தெக்கே பனிக்கடல் பக்கம் புயல் கெளம்புதுன்னு போன் சொல்லும். அலைக்கும் அலைக்கும் நடுவுல பதினெட்டு செகண்டுன்னு கணக்கும் சொல்லும். ஒடனே பலகைய உறையில போட்டு, நமீபியாவுக்கு டிக்கெட். ரெண்டு நாள் அலைக்கு நாலு நாள் பயணம். அதே சாதி அலை இந்து மகாசமுத்திரத்துத் தெக்குக் கோடியில கெளம்பி, நாலஞ்சு நாள் நீந்தி, காத்தே இல்லாத வெயில் நாள்ல நம்ம கன்னியாமரிக் கரையில ஏறுது. கள்ளக்கடல்னு சும்மாவா பேரு வச்சோம்? நீ தொரத்திப் போற விருந்தாளி எங்க வீட்டுக்குச் சொல்லாம வந்து, வலையும் மரமும் வாரிக்கிட்டுப் போவான். இப்பத்தான் ஹைதராபாத்துல உள்ள கடல் ஆப்பீசுல இருந்து அது வரப்போறத முன்கூட்டிச் சொல்றானுவ. கடலே இல்லாத ஊரு, இருந்தாலும் நல்லாத்தான் சொல்றான்.

ஒண்ணு மட்டும் மெச்சணும். பெரு சர்க்காரு 2000லயே அலையக் காப்பாத்தச் சட்டம் போட்டிருக்கு. கண்ட எடத்துல கல்லக் கொட்டி அலையக் கெடுத்துராதன்னு. அதப் போட்டவனுக்கு மூளை இருக்கு. இங்க கல்லு கொட்டி எத்தன கரை போச்சுன்னு உனக்குத் தெரியாதா?

சரி, போறதுன்னு ஆச்சு, போயிட்டு வா. தண்ணி சில்லுன்னு இருக்குமாம், ரப்பர்ச் சட்டை மறந்துராத. ஒருதரம் சறுக்குனா நீரோட்டத்த எதுத்து நீந்த முடியாதாம், ரெண்டு கிலோமீட்டரும் திரும்ப நடக்கணுமாம். நடக்க மடி புடிச்சவனையெல்லாம் ரப்பர் போட்டுல ஏத்தி அலை தொடங்குற எடத்துல விடுறானாமே? அலையத் தேடி ஒலகஞ் சுத்துற பயலுக்கு நடக்க மட்டும் காலு வலிக்குது பாத்தியா! அந்தப் போட்டுக்காரன் தலைக்கு எவ்வளவு வாங்குறான்னு கேட்டுட்டு வா மக்கா. நம்ம எஞ்சின் ஆனி ஆடியில சும்மாத்தான கெடக்கு.